கொஞ்ச நேரம் ரத்தம் நின்னது இதயத்த எப்படி காப்பாத்தும்? அப்பாவுக்கு வந்த முன்வலி பத்தி கேட்டதுக்கு பதில்

நீங்க கேட்டது இதுதான். அப்பாவுக்கு பெரிய அட்டாக் வர்றதுக்கு முந்தின நாள் ரெண்டு மூணு தடவை நெஞ்சு வலி வந்து வந்து போயிருக்கு, அட்டாக் வந்து ஸ்டென்ட் வெச்சதுக்கு அப்புறம் டாக்டர் அந்த முன்வலி வந்ததுனாலதான் தசை இவ்வளவு தப்பிச்சிருக்கு போலன்னு சொல்லியிருக்கார், ரத்தம் போகாம இருக்கறதே கெடுதல் அது எப்படி காப்பாத்தும், அப்படி காப்பாத்தும்னா கையில பிபி பட்டையை இறுக்கி கட்டி வீட்லயே இத பண்ணிக்கலாமா. நான் ஹார்ட் டாக்டர் இல்ல, ஃபிசியாலஜி பாடம் எடுக்கறவன், இந்த விஷயத்த பல வருஷமா வகுப்புல சொல்லிக்கொடுத்துட்டு வரேன், எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் இது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன், பொறுமையா படிங்க.

டாக்டர் சொன்னது சரிதான். ஆனா அது பாதி. மீதி பாதிய யாரும் சொல்லாம விட்டுடறாங்க, அதுதான் உசுருக்கு முக்கியமானது, அதையும் சொல்றேன்.

முதல்ல இதயத் தசைக்கு ரத்தம் நின்னா என்ன ஆகும்னு பாப்போம். கை கால் தசைக்கு ஓய்வு நேரத்துல ரத்தத்துல இருந்து கொஞ்சம் ஆக்ஸிஜன் எடுத்தா போதும், வேலை ஜாஸ்தியாச்சுன்னா கூட எடுத்துக்கும். இதயம் அப்படி இல்ல, சும்மா உக்காந்திருக்கும்போதே தனக்கு வர்ற ரத்தத்துல இருக்கற ஆக்ஸிஜன்ல கிட்டத்தட்ட முக்கால் பங்கை எடுத்துடும், அதனால கையிருப்புன்னு ஒண்ணும் கிடையாது, ரத்தம் நின்னா சில துடிப்புலயே அந்த இடம் சுருங்கறத குறைச்சிடும். ஆனா உடனே செத்துடாது, இத நல்லா மனசுல வெச்சுக்கோங்க. நாய்ங்கள வெச்சு பண்ண ஆராய்ச்சியில கிட்டத்தட்ட 20 நிமிஷம் வரைக்கும் அடைப்ப எடுத்துட்டா செல் பொழச்சுக்குது, அதுக்கு மேல போனா உள்பக்கம் இருக்கற தசையில சாவு ஆரம்பிச்சு அலை மாதிரி வெளிப்பக்கம் நோக்கி நகருது, சில மணி நேரத்துல சுவரோட முழு கனமும் போயிடுது. ரைமர், ஜென்னிங்ஸ்னு ரெண்டு பேர் 1970கள்ல இத தெளிவா காமிச்சாங்க. அட்டாக்ல ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம்னு இன்னிக்கு எல்லாரும் சொல்றாங்களே, அதுக்கு அடிப்படை இந்த அலைதான்.

இப்ப அதே ஆளுங்க, அமெரிக்காவுல டியூக் யூனிவர்சிட்டியில, இன்னொரு கேள்விய எடுத்தாங்க. ஒருத்தருக்கு அடிக்கடி சின்னச் சின்னதா நெஞ்சு வலி வருது, ஒவ்வொரு தடவையும் தசையில இருக்கற ஏடிபி, அதாவது செல்லோட எரிபொருள், கொஞ்சம் குறையும், அது முழுசா ஏறுறதுக்குள்ள அடுத்த வலி வந்தா இன்னும் குறையும், இப்படியே சேந்து சேந்து ஒரு நாள் செல் செத்துடுமா? நியாயமான சந்தேகம்தானே, நம்ம எல்லாருமே அப்படித்தான் நெனைப்போம். ஆனா பண்ணிப் பாத்தா அப்படி நடக்கல. முதல் தடவை அடைச்சப்ப ஏடிபி நல்லா குறைஞ்சுது, ரெண்டாவது மூணாவது தடவை அடைச்சப்ப அதே அளவு குறையவே இல்ல, முதல் அடியிலயே செல் எதையோ கத்துக்கிட்ட மாதிரி எரிபொருள மெதுவா செலவு பண்ண ஆரம்பிச்சிருச்சு.

இத பாத்ததும் அவங்களுக்கு வந்த யோசனைதான் பெருசு. செல் மெதுவா செலவு பண்ணுதுன்னா நீளமான அடைப்ப தாங்குமா? சார்ல்ஸ் மர்ரி அப்ப மாணவர், அவரும் ஜென்னிங்ஸ், ரைமரும் சேந்து 1986ல வெளியிட்ட ஆராய்ச்சி இது. நாயோட இதயத்துல ஒரு ரத்தக்குழாய 5 நிமிஷம் அடைச்சு 5 நிமிஷம் விட்டு, இப்படி 4 தடவை பண்ணிட்டு, அதுக்கப்புறம் 40 நிமிஷம் ஒரேயடியா அடைச்சாங்க. முன்னாடி எதுவும் பண்ணாம நேரா 40 நிமிஷம் அடைச்ச நாய்ங்கள்ல ஆபத்துல இருந்த தசையில சுமார் 29 சதவீதம் செத்துப் போச்சு. முன்னாடி சின்ன அடைப்பு குடுத்த நாய்ங்கள்ல சுமார் 7 சதவீதம்தான். கணக்கு போட்டுப் பாருங்க, ரெண்டாவது குரூப்புக்கு மொத்தத்துல 60 நிமிஷம் ரத்தம் நின்னிருக்கு, முதல் குரூப்புக்கு 40 தான், ஆனா அதிக நேரம் நின்னதுல சேதம் கால்வாசி. இதுக்குதான் இஸ்கீமிக் ப்ரீகண்டிஷனிங்னு பேர் வெச்சாங்க, தமிழ்ல சொல்லணும்னா ரத்தக்குறைவுக்கு முன்கூட்டியே பழக்கறதுன்னு சொல்லலாம்.

சின்ன அடைப்பு வந்ததால பக்கத்துல புதுசா கிளை ரத்தக்குழாய் தொறந்து ரத்தம் வந்திருக்கும், அதனாலதான் தப்பிச்சுதுன்னு நிறைய பேர் நெனைக்கறாங்க, இணையத்துலயும் அப்படித்தான் எழுதி வெச்சிருக்காங்க. மாசக்கணக்குல அடைப்பு இருந்தா கிளைக்குழாய் வளர்றது உண்மைதான், ஆனா இது அது இல்ல, அந்த ஆராய்ச்சியில கிளை வழியா வந்த ரத்தத்தையும் அளந்தாங்க, அதனால வந்த வித்தியாசம் இல்ல. ரத்தம் கூட வரல, அதே பட்டினியில செல்லே தாங்க ஆரம்பிச்சிருச்சு. இந்த விஷயத்தோட அழகே எனக்கு இங்கதான் தெரியுது.

இப்ப யாரும் சொல்லாம விடற பாதி. அதே ஆராய்ச்சியில 40 நிமிஷத்துக்கு பதிலா 3 மணி நேரம் அடைச்சும் பாத்தாங்க. வித்தியாசமே இல்ல. பழக்கின இதயமும் பழக்காத இதயமும் ஒரே மாதிரி செத்துப் போச்சு. கட்டுரை தலைப்புலயே செல் சாவ தள்ளிப்போடறதுன்னுதான் போட்டிருக்காங்க, தடுக்கறதுன்னு போடல. அதாவது உங்க அப்பாவோட முன்வலி அவருக்கு கொஞ்சம் நேரம் வாங்கிக் குடுத்திருக்கலாம், ஆனா அந்த நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போய் குழாய தொறந்ததாலதான் அது பிரயோஜனப்பட்டுச்சு. வீட்லயே படுத்திருந்தா அந்த முன்வலியால ஒரு பலனும் இருந்திருக்காது.

சரி செல்லுக்குள்ள என்னதான் நடக்குது. ஏடிபி உடையும்போது அடினோசின்னு ஒரு பொருள் வருது, அது செல்லுக்கு வெளிய கசிஞ்சு அதே செல்லோட மேல இருக்கற ரிசப்டர்ல, அதாவது தகவல வாங்கிக்கற புரோட்டீன்ல, போய் ஒட்டுது. செல் தன்னோட பட்டினிய தானே தனக்கு தகவலா சொல்லிக்கற மாதிரி வெச்சுக்கோங்க. 1991ல அலபாமாவுல டவுனி குழு முயல்ல இத காமிச்சாங்க, அடினோசின் ரிசப்டர மருந்து குடுத்து மூடினா பாதுகாப்பு போயிடுது, ரத்தத்த நிறுத்தாம வெறும் அடினோசின் குடுத்தாலே பாதுகாப்பு வருது. பிராடிகைனின், உடம்பே தயாரிக்கற ஓபியாய்டு (மார்ஃபின் மாதிரி பொருள்) இதெல்லாமும் இதே வேலைய செய்யுது. ரிசப்டர்ல இருந்து உள்ள போற தகவல் புரோட்டீன் கைனேஸ் சி மாதிரி என்சைம்கள் வழியா கடைசியில செல்லுக்குள்ள ஏடிபி தயாரிக்கற மைட்டோகாண்ட்ரியாவுக்கு போய் சேருது, அங்க இருக்கற ஒரு பொட்டாசியம் கதவு தொறக்குது, கொஞ்சூண்டு ஃப்ரீ ரேடிக்கல், அதாவது மத்த பொருளோட சட்டுனு வினை புரியற மூலக்கூறு, வருது, அந்த கொஞ்சூண்டுதான் சிக்னல். ஃப்ரீ ரேடிக்கல்னாலே விஷம்னு நெனைக்கறோம் இல்லையா, மிருகங்கள்ல ப்ரீகண்டிஷனிங் பண்ற நேரத்துல அத உறிஞ்சற மருந்து குடுத்தா பாதுகாப்பே வராம போயிடுது. சின்ன அளவுல அது தேவைப்படுது.

இதெல்லாம் கடைசியா வந்து நிக்கற இடம் ஒண்ணு இருக்கு, அது அடைப்பு எடுத்து ரத்தம் திரும்ப பாயற அந்த முதல் சில நிமிஷம். இத கேக்க விசித்திரமா இருக்கும், ரத்தம் திரும்ப வர்றதே செல்லுக்கு இன்னொரு அடி. அடைப்பு இருக்கும்போது உள்ள அமிலம் சேந்திருக்கும், அமிலம் இருக்கற வரைக்கும் மைட்டோகாண்ட்ரியாவோட சுவர்ல இருக்கற ஒரு பெரிய ஓட்டை மூடியே இருக்கும், ரத்தம் திடீர்னு வந்ததும் அமிலம் கழுவிட்டுப் போயிடும், கால்சியம் உள்ள குவியும், ஆக்ஸிஜன் மொத்தமா வந்து இறங்கும், ஓட்டை தொறந்துக்கும், தொறந்தா மைட்டோகாண்ட்ரியா வீங்கி செல் போயிடும். பழக்கின செல்லுல அந்த ஓட்டை லேசுல தொறக்காது. அதுக்காக ரத்தம் திரும்ப வராம இருந்தா நல்லதான்னு கேக்காதீங்க, வரலன்னா எல்லாமே போயிடும், வர்றதுல ஒரு பங்கு சேதம் இருக்குங்கறதுதான் விஷயம்.

இந்த பாதுகாப்பு எவ்வளவு நேரம் இருக்கும்னு கேட்டா ரெண்டு தடவை வருதுன்னு சொல்லணும். சின்ன அடைப்பு வந்த உடனே ஒரு பலமான பாதுகாப்பு வரும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல மறைஞ்சிடும். அப்புறம் ஒண்ணும் இல்லாம இருந்து கிட்டத்தட்ட 24 மணி நேரம் கழிச்சு திரும்ப வரும், இந்த தடவை பலம் கொஞ்சம் கம்மி ஆனா ரெண்டு மூணு நாள் நிக்கும். 1993ல லண்டன்ல ஒரு குழுவும் ஒசாகாவுல ஒரு குழுவும் தனித்தனியா இத கண்டுபிடிச்சாங்க. முதல் பாதுகாப்பு ஏற்கனவே செல்லுல இருக்கற புரோட்டீன்கள வெச்சு வருது, ரெண்டாவதுக்கு செல் புதுசா புரோட்டீன் தயார் பண்ணணும், அதுக்குதான் ஒரு நாள் ஆகுது. உங்க அப்பாவுக்கு முந்தின நாள்தான் வலி வந்துச்சுன்னு சொன்னீங்க, அது சரியா இந்த ரெண்டாவது நேரத்துல விழுது.

மனுஷங்கள்ல இது நடக்குதான்னா நடக்குது, நிறைய ஜாடை இருக்கு. பலூன் வெச்சு அடைப்ப விரிக்கும்போது பலூன ஊதற நேரம் ரத்தம் நிக்கும், முதல் ஊதல விட ரெண்டாவது ஊதல்ல வலி கம்மி, இசிஜி மாற்றம் கம்மின்னு 1990லயே எழுதிட்டாங்க. நடக்கும்போது நெஞ்சு வலி வந்து, கொஞ்சம் நின்னுட்டு திரும்ப நடந்தா அதே தூரம் வலியே இல்லாம நடக்கற நோயாளிங்க இருக்காங்க, அதுலயும் இதுக்கு பங்கு இருக்கலாம்னு சொல்றாங்க. ஆஞ்சைனான்னு இந்த நோய்க்கு பேர் வெச்ச ஹெபர்டன் 18ம் நூற்றாண்டுலயே தினம் அரை மணி நேரம் மரம் அறுத்து கிட்டத்தட்ட குணமான ஒரு நோயாளியப் பத்தி எழுதி வெச்சிருக்கார். அப்புறம் உங்க அப்பா மாதிரி ஆளுங்க, அட்டாக்குக்கு முன்னாடி வலி வந்தவங்களுக்கு தசை சேதம் கம்மி, ஆஸ்பத்திரியில சாவும் கம்மின்னு 1990கள்ல வந்த டிம்மி 4 ஆய்வுல தெரிஞ்சுது. இதுல நேர்மையா ஒண்ணு சொல்லணும், முன்வலி வந்தவங்களுக்கு ரத்தக்கட்டி கரைக்கற மருந்து குடுத்தா கட்டி சீக்கிரமாவும் கரையுதுன்னு 1996ல இன்னொரு ஆய்வு வந்துச்சு, அதனால முன்வலியோட நன்மை முழுக்க செல் பழகினதால மட்டும்தான்னு சொல்ல முடியாது, ரெண்டும் கலந்திருக்கலாம். உங்க டாக்டர் போலன்னு இழுத்து சொன்னதுல அர்த்தம் இருக்கு.

இப்ப பிபி பட்டைக்கு வரேன். 1993ல ப்ரிஸிக்லெங்க் குழு நாயோட இதயத்துல ஒரு குழாய அடைச்சு அடைச்சு விட்டுட்டு வேற ஒரு குழாய நீளமா அடைச்சாங்க, தான் பட்டினி கிடக்காத பகுதியும் தாங்குச்சு. ஒரு இடத்துல வந்த தகவல் இன்னொரு இடத்துக்கு போகுது. அப்படியே நீட்டினா இதயத்துல இருந்துதான் அந்த தகவல் வரணுமான்னு கேள்வி வரும் இல்லையா, 1996ல ராட்டர்டாம்ல எலியோட குடலுக்குப் போற ரத்தக்குழாய 15 நிமிஷம் அடைச்சு விட்டாங்க, இதயம் தாங்குச்சு. 2002ல கார்பண்டா குழு இத கை கால் பட்டைக்கு கொண்டுவந்தாங்க, மனுஷங்க கையில பட்டைய ஊதி நிறுத்தி விட்டா இன்னொரு கையோட ரத்தக்குழாய் சுவர் பாதுகாக்கப்பட்டுது, பன்றியில கால ஊதி விட்டா இதயத்துல அட்டாக் சேதம் குறைஞ்சுது. கையில இருந்து இதயத்துக்கு தகவல் எப்படி போகுதுன்னா நரம்பு வழியாவும் போகுது ரத்தம் வழியாவும் போகுது, நரம்பு அறுந்த மாற்று இதயத்துலயும் பன்றியில பாதுகாப்பு வந்திருக்கு, அதனால ரத்தத்துல ஏதோ ஒண்ணு போகுதுங்கறதுல சந்தேகம் இல்ல.

இன்னொரு ஆச்சரியம், 2003ல அட்லாண்டாவுல வின்டென் யோஹான்சன் குழு அட்டாக் முடிஞ்சு குழாய தொறந்ததுக்கு அப்புறம் 30 செகண்ட் விட்டு 30 செகண்ட் அடைச்சு, இப்படி மூணு தடவை பண்ணாங்க, அதுக்கே நாய்ங்கள்ல முன்கூட்டி பழக்கின அளவுக்கு சேதம் குறைஞ்சுது. நான் மேல சொன்னேனே அந்த முதல் சில நிமிஷம்தான் முக்கியம்னு, அதுக்கு இத விட நல்ல சாட்சி கிடையாது.

இவ்வளவு நல்லா இருந்தா ஏன் எல்லா ஆஸ்பத்திரியிலயும் பண்ணல? பண்ணிப் பாத்தாங்க. 2007ல லண்டன்ல பைபாஸ் ஆபரேஷனுக்கு முன்னாடி கையில பட்டை கட்டி 5 நிமிஷம் ஊதி 5 நிமிஷம் விட்டு மூணு தடவை பண்ணதுல ட்ரோபோனின், அதாவது தசை சேதத்த காட்டற ரத்தப் பரிசோதனை, 43 சதவீதம் குறைஞ்சுது. 2010ல டென்மார்க்ல ஆம்புலன்ஸ்லயே பட்டை கட்டினாங்க, தப்பிச்ச தசை அளவு கூடுச்சு. எல்லாரும் ரொம்ப நம்பிக்கையா இருந்தோம், செலவே இல்லாத சிகிச்சை, ஒரு பட்டை போதும். ஆனா 2015ல எரிக்கா, ரிப்ஹார்ட்னு ரெண்டு பெரிய ஆய்வு பைபாஸ் மாதிரி இதய ஆபரேஷன்ல வந்துச்சு, ரெண்டுலயும் நோயாளிக்கு பலன் இல்ல. 2019ல காண்டி 2 ஆய்வு, பிரிட்டன் டென்மார்க் ஸ்பெயின் செர்பியா நாலு நாட்டுல 5401 அட்டாக் நோயாளிங்க, ஒரு வருஷத்துல இதய சாவோ ஹார்ட் ஃபெயிலியர்னு ஆஸ்பத்திரி சேர்றதோ பட்டை கட்டினவங்களுக்கு 9.4 சதவீதம், கட்டாதவங்களுக்கு 8.6 சதவீதம், அதாவது வித்தியாசம் இல்ல. தொறந்த குழாய பலூன்ல அடைச்சு விடற முறையும் டென்மார்க்ல பெருசா பண்ணி 2017ல இதே மாதிரிதான் முடிஞ்சுது. இத படிச்ச அன்னிக்கு எனக்கு நெஜமாவே வருத்தமா இருந்துச்சு.

அதனால இந்த உயிரியல் பொய்யின்னு ஆயிடாது. காரணம் பல இருக்கு, நான் நம்பற காரணத்த சொல்றேன். ஆராய்ச்சி மிருகம் இளசு, வேற நோய் இல்ல, மாத்திரை இல்ல. நோயாளி வயசானவர், சுகர் இருக்கும், பத்து மாத்திரை போட்டிருப்பார். வயசானவங்களுக்கு முன்வலியோட நன்மை குறையுதுன்னும் சுகர் இருக்கறவங்களுக்கும் அப்படித்தான்னும் ஆய்வு இருக்கு. ஆபரேஷன்ல குடுக்கற புரோபஃபால்ங்கற மயக்க மருந்து இந்த தகவல் போறத கெடுக்குதுன்னு ஒரு கருத்து பலமா இருக்கு, அந்த ரெண்டு பெரிய ஆய்வுலயும் அதுதான் பெரும்பாலும் குடுத்தாங்க. இதெல்லாத்துக்கும் மேல, இப்ப நல்ல ஆஸ்பத்திரியில ஸ்டென்ட் சீக்கிரமா வெச்சுடறாங்க, ரத்தக்கட்டி மருந்து நல்லா இருக்கு, சேதமே சின்னதா இருக்கும்போது அதுல இன்னும் கொஞ்சம் குறைச்சு ஒரு வருஷத்துல வித்தியாசம் காமிக்கறது கஷ்டம். நேரம் வாங்கித் தர்ற ஒரு விஷயம், நேரம் வீணாகாத இடத்துல எப்படி தன் பலத்த காமிக்கும்?

மாத்திரைன்னதும் ஒண்ணு, க்ளைபென்க்ளமைடுன்னு பழைய சுகர் மாத்திரை, மேல சொன்ன பொட்டாசியம் கதவ மூடிடும், 1992லயே நாய்ங்கள்ல அது ப்ரீகண்டிஷனிங்க ரத்து பண்ணிடுதுன்னு காமிச்சாங்க. அப்பா அத சாப்பிட்டா டாக்டர்கிட்ட கேளுங்க, அந்த குடும்பத்துல எல்லா மாத்திரையும் ஒரே மாதிரி இல்ல, நீங்களா மட்டும் நிறுத்திடாதீங்க, சுகர் ஏறினா அது இதயத்துக்கு இன்னும் மோசம்.

வீட்ல பட்டை கட்டிக்கலாமான்னா, வேண்டாம். அட்டாக் நோயாளிங்க ஆய்வுல 200 அளவுக்கு ஊதி 5 நிமிஷம் வெச்சு விட்டு நாலு தடவை பண்ணாங்க, ஆள் பக்கத்துலயே இருந்து பாத்துக்கிட்டாங்க. வீட்ல சும்மா பண்றதால அட்டாக் தடுக்கும்னு காமிச்ச ஆய்வு எதுவும் எனக்குத் தெரிஞ்சு இல்ல. கை கால்ல ரத்தக்கட்டி இருந்தவங்க, டயாலிசிஸுக்கு கையில ஃபிஸ்டுலா போட்டவங்க, மார்பக ஆபரேஷன்ல அக்குள் நிணநீர் முடிச்சு எடுத்தவங்க இவங்கெல்லாம் அந்தக் கையில இத பண்ணவே கூடாது. இதயத்த பழக்கணும்னு ஆசை இருந்தா அதுக்கு நடைப்பயிற்சி இருக்கு, தொடர்ந்து ஓடவிட்ட மிருகங்கள்ல அட்டாக் சேதம் கம்மியா இருக்கறத நிறைய தடவை பாத்திருக்காங்க, ஸ்டென்ட் வெச்சவங்களுக்கு டாக்டர் மேற்பார்வையில படிப்படியா ஏத்தற பயிற்சி இருக்கு, அதுல சேத்து விடுங்க.

கடைசியா அப்பா விஷயம். இனிமே அவருக்கு வலி வந்து தானா போச்சுன்னா, இதயம் பழகுதுன்னு யாரும் வீட்ல உக்காந்திருக்கக் கூடாது, சும்மா இருக்கும்போது வர்ற வலி, முன்னாடிய விட கம்மி வேலைக்கே வர்ற வலி, ரெண்டுமே உடனே ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டிய வலி, ஏன்னா வந்து போறதுங்கறது குழாய் பாதி அடைஞ்சு தொறந்து அடைஞ்சுட்டு இருக்குன்னு அர்த்தமா இருக்கலாம், அடுத்த தடவை தொறக்காம போகலாம். அங்க போனதும் இப்ப இருக்கற வலி எப்ப ஆரம்பிச்சுதுன்னு மட்டும் சொல்லாம, அதுக்கு முன்னாடி எத்தன தடவை வந்துச்சு, எத்தன மணிக்கு வந்துச்சு, ஒவ்வொண்ணும் எத்தன நிமிஷம் நின்னுச்சுன்னு ஒரு தாள்ல எழுதி குடுத்துடுங்க.